செத்து விழுந்த தாய்மாமன்

கயென்டா ஊரைத் தாண்டி 163-ஆம் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதுமே மச்சான், "இந்த இடத்தை எங்கேயோ பாத்திருக்கேன்" என்றான். பார்க்காமல் என்ன? கௌபாய் படங்களில் வரும் அதே செம்மண் வெளி, தூண் தூணாக நிற்கும் அதே பாறைகள். மானுமென்ட் வேலி.

அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா எல்லையில் நவஹோ பழங்குடிகளின் நிலம் இது. 1958-லிருந்து பூங்காவாக அவர்களே நடத்துகிறார்கள். எங்களை ஜீப்பில் கூட்டிப் போனவரும் ஒரு நவஹோ பெரியவர்தான். 17 மைல் மண்சாலை. இறங்கியபோது காதுக்குள்ளேயும் புழுதி.

ஒரு பாறை விளிம்பில் நிறுத்தினார். பெயர் ஜான் ஃபோர்ட் பாயின்ட். 'ஸ்டேஜ்கோச்' படத்துக்காக 1938-ல் இங்கே வந்த இயக்குநரின் பெயர். மண்ணரிப்பைக் காரணம் காட்டி அரசாங்கம் நவஹோக்களின் ஆட்டு மந்தைகளைக் குறைத்த பஞ்ச காலம் அது. படக்கூலி பெரிய உதவி. ஆனால் நவஹோவாகவே நடிக்கக் கூப்பிட்டது அபூர்வம். பெரும்பாலும் வேறு பழங்குடிகளின் வேடம்தான். 'ஸ்டேஜ்கோச்'சில் அப்பாச்சி, 1956-ல் வந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் கமாஞ்சி, 1964-ல் வந்த 'செயென் ஆட்டம்'மில் (Cheyenne Autumn) செயென். ஊர் ஒன்று, ஆட்கள் அவர்களே, பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது.

தலைவன் வேடமாவது கிடைத்ததா? 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் கமாஞ்சித் தலைவனாக நடித்த ஹென்றி பிராண்டன் பெர்லினில் பிறந்தவர். கண்கூட நீலம்! பழங்குடிகளின் பக்கம் நின்று பேச நினைத்த 'செயென் ஆட்டம்'மிலும் முக்கிய வேடங்கள் மெக்சிகோ நடிகர்களான டோலரஸ் டெல் ரியோ, ரிக்கார்டோ மொண்டல்பான் போன்றவர்களுக்கே போயின. துணை நடிகர்களோ செயென் மொழிக்குப் பதில் நவஹோவில் பேசினார்கள். "ரொம்ப சீரியஸா மூஞ்சியை வெச்சுக்கிட்டு என்ன கெட்ட வார்த்தை பேசுறாங்கன்னு எங்களுக்குத்தான் தெரியும். தியேட்டர்ல நாங்க மட்டும் சிரிப்போம்" என்று பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவருடைய தாய்மாமன் 'தி சர்ச்சர்ஸ்' படத்து ஆற்றுச் சண்டையில் ஒரே நாளில் மூன்று முறை செத்தாராம். தாய்மாமன் என்றால் அவர்களுக்கும் தனி மரியாதை. சொல்லும்போதே பெருமை தெரிந்தது.

அன்று இரவு அறையில் அந்தப் படத்தைப் போட்டோம். கதாநாயகன் ஜான் வெய்ன் பேசுவதையெல்லாம் ஓட்டிவிட்டு நேரே ஆற்றுக்குப் போனோம். மச்சான் நிறுத்தி நிறுத்தித் தேடினான். குதிரைகளும் தெறிக்கிற தண்ணீரும்தான் தெரிந்தன. முகம் ஒன்றும் தெரியவில்லை.