விழக் கற்றுக்கொடுத்தவர்

ரெண்டு நாளாக டோரிஸ் ஹம்ஃப்ரி நினைப்பாகவே இருக்கிறது. 1895-இல் பிறந்த அமெரிக்க நடனக் கலைஞர். டெனிஷான் என்ற நடனக் குழுவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆடிவிட்டு, 1928-இல் சக நடனக் கலைஞர் சார்லஸ் வைட்மனோடு தனியே வந்துவிட்டார். நவீன நடனம் என்றால் எல்லோரும் சொல்லும் மார்த்தா கிரஹாமைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியவில்லை என்பது அநியாயம், என்னைக் கேட்டால்.

விழுதலும் மீளுதலும்தான் ஹம்ஃப்ரியின் நடனத்துக்கு அடிப்படை. அசையாமல் நேராக நிற்பது ஒரு சாவு, தரையில் கிடப்பது இன்னொரு சாவு. நடுவே சமநிலை தவறித் தடுமாறும் அந்த வளைவில்தான் நடனம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், நாம் நடப்பதே ஒவ்வொரு அடியிலும் விழப்போய்ப் பிழைத்துக்கொள்வதுதானே! 1928-இல் அமைத்த 'வாட்டர் ஸ்டடி' என்ற நடனத்தில் இசையே கிடையாது. ஆடுபவர்களின் மூச்சுதான் தாளம். உடல்கள் அலையாக எழும்பி, உடைந்து, சரிந்து, திரும்பவும் எழும்பும்.

அப்புறம் இடுப்பில் மூட்டுவாதம் வந்தது. 1940-களின் நடுவில் ஆடுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. சரி, அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், மாணவர் ஹொசே லிமோன் தான் தொடங்கிய குழுவுக்கு இவரையே கலை இயக்குநராக உட்கார வைத்துவிட்டார். குருவுக்குக் கீழே வேலை பார்க்கத் தானே குழு தொடங்கிய சிஷ்யர்! நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியிலும் ஹம்ஃப்ரி பாடம் எடுத்தார்.

1958-இல் இறந்தார். நடனம் அமைப்பது பற்றி எழுதிய புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. எல்லா நடனங்களும் தேவைக்கு மேல் நீளம் என்று அதில் கறாராகச் சொல்கிறார். என் பதிவுகளையும் பார்த்திருப்பாரோ என்னவோ.