தொப்பி எங்கடா போச்சு?

என் சித்தப்பா தவில் வித்வான். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அவரைக் கும்பகோணத்தில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். வண்டி வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது, செகண்ட் ஹேண்ட்தான் என்றாலும் ஜெர்மன் எஸ்யூவி. அந்தப் பெருமையில், அவரே வாசித்த ஒரு கோயில் கச்சேரியை யூஎஸ்பியில் ஏற்றி வைத்திருந்தேன், மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த சுத்தமான பதிவு. அணைக்கரை தாண்டியும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. சேத்தியாத்தோப்பு வந்ததும் கேட்டார்: "வலந்தலை கேக்குது. தொப்பி எங்கடா போச்சு?"

தவிலுக்கு இரண்டு முகம். வலது பக்கம் வலந்தலை, விறைப்பாக இழுத்துக் கட்டியது, விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள். இடது பக்கம் தொப்பி, கொஞ்சம் தளர்வானது, பூவரசங்குச்சியால் அடிப்பது. கல்யாண வீட்டில் வயிற்றுக்குள் போய் உட்காருகிற அந்தக் கும்மென்ற ஓசை தொப்பியுடையது. என் வண்டியில் அது இல்லவே இல்லை. அவர் சொன்ன பிறகு எனக்கும் வேறு எதுவும் கேட்கவில்லை, அதுதான் கொடுமை.

லக்‌ஷுரி வண்டி என்றால் சவுண்டும் லக்‌ஷுரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெயர்பெற்ற ஆடியோ சிஸ்டம் பெரும்பாலும் மேல் வேரியன்ட்டிலோ தனிக் காசுக்கோதான் வரும், என்னுடையது அது இல்லாத வேரியன்ட். (அந்தப் பெயர்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஹார்மன் கார்டன், ஜேபிஎல், மார்க் லெவின்சன், கார்களில் வரும் பேங் அண்ட் ஓலுஃப்சன், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் எல்லாமே ஹார்மன் என்ற ஒரே வீட்டிலிருந்து வருபவை. 2017 முதல் அந்த வீடே சாம்சங்குடையது.)

நான் செய்த முதல் வேலை முட்டாள்தனம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போய், நாலு கதவு ஸ்பீக்கரையும் 38,000 ரூபாய்க்கு மாற்றினேன். அட்டைப்பெட்டியில் போட்டிருந்த வாட் எண்ணைப் பார்த்தே பாதி மயங்கிவிட்டேன். கடையில் ஒரு டப்பாங்குத்து போட்டுக் காட்டினார்கள், பிரமாதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சித்தப்பா கச்சேரியைப் போட்டால் வலந்தலை காதைக் கிழிக்கிறது, தொப்பி முன்பைவிட மோசம். இரண்டாவது நாள் என் மனைவி, "என்னங்க, பழசையே திரும்ப மாட்டிடலாமா?" என்றாள்.

ஏன் அப்படி ஆனது என்று ஆறு மாதம் கழித்து அம்பத்தூர் பக்கம் ஒரு தகர ஷெட்டில்தான் தெரிந்தது. அங்கே இருந்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் எதையும் விற்கவில்லை. டிரைவர் சீட்டில் தலை இருக்கிற உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்தினார், பிங்க் நாய்ஸ் என்று மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சலை ஓடவிட்டார், லேப்டாப்பில் கிராஃப் வரைந்தது. வால்யூமைக் கூட்டக் கூட்ட, கீழ் அலைவரிசைகள் மட்டும் கூட மாட்டேன் என்று படுத்துக்கொண்டன. "பார்த்தீங்களா சார், உங்க வண்டிதான் தொப்பியை அமுக்குது" என்றார். சித்தப்பா கதையை அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

விஷயம் இதுதான். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ், அதாவது அந்தக் கீழ் அலைவரிசைகள், சரியாக எட்டாது, 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டியது. அதனால் கம்பெனி ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) குறைந்த வால்யூமில் பேஸைத் தூக்கிக் கொடுக்கும், வால்யூம் ஏறினால் சின்ன ஸ்பீக்கர் கிழிந்துவிடாமல் இருக்க அதையே குறைத்துவிடும். போதாததற்கு, கம்பெனி ஸ்பீக்கரில் எங்கெங்கே ஓட்டையோ அங்கெல்லாம் ஈக்வலைசரால், அதாவது அந்தந்த அலைவரிசையை மட்டும் கூட்டிக் குறைத்து, ஒட்டுப்போட்டிருப்பார்கள். நான் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினேன், ஒட்டு அப்படியே இருந்தது. கிழியாத சட்டையில் ஒட்டுப்போட்ட கதை.

வாட் விஷயத்திலும் அவர் என் கண்ணைத் திறந்தார். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். பெட்டியில் போட்ட எண்ணைப் பார்த்து இனி வாங்குவேனா?

பழைய கார் என்றால் டேஷ்போர்டில் இருக்கிற ஸ்டீரியோவை, அதாவது ஹெட் யூனிட்டைக் கழற்றி வீசிவிட்டு வேறு மாட்டலாம். இந்த வண்டியில் அந்தத் திரைக்குள்தான் ஏசி, ரிவர்ஸ் கேமரா, செட்டிங்ஸ் எல்லாம், தொட முடியாது. அதனால் கம்பெனி ஆம்பிலிருந்து வெளியே வரும் சிக்னலைப் பிடித்து, டிஎஸ்பி (ஒலியைத் திருத்துகிற டிஜிட்டல் சிப்) உள்ள ஒரு எட்டு சேனல் ஆம்புக்குக் கொண்டுபோய், கம்பெனி போட்ட வளைவுகளை நிமிர்த்தி, அப்புறம் ஸ்பீக்கருக்கு அனுப்புவது. ஆம்ப் பேஸை அமுக்காத அளவில் கார் வால்யூமை வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க டிஎஸ்பிக்கென்று ஒரு தனிக் குமிழ். ஒரு வயரைக்கூட வெட்டவில்லை, கம்பெனி கனெக்டருக்கு நடுவே செருகுகிற ஹார்னஸ் போட்டார். வாரண்டியில் இருக்கிற வண்டிக்காரர்கள் இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பேட்டரியிலிருந்து தனி பவர் லைன், பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ். ஃப்யூஸை ஆம்ப் பக்கத்தில் மட்டும் போட்டால் நடுவில் வயர் உரசினால் தீதான்.

கதவு வேலைக்கு ஒரு முழு நாள். டிரிம்மைக் கழற்றி வெளித் தகட்டைத் தட்டிக் காட்டினார், டின் டப்பா மாதிரி ஒலித்தது. அதிர்வை அடக்குகிற ப்யூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டிய பிறகு தட்டினால் தொம்மென்று அடங்கியது. சரி, முழுக் கதவையும் மூடி ஒட்டிவிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று: பல வண்டிகளில் கதவுக்குள் ஒரு பிரஷர் சென்சார் இருக்கிறது. பக்கவாட்டில் மோதினால் கதவுக்குள் காற்றழுத்தம் சட்டென்று ஏறுவதை வைத்துத்தான் அது ஏர்பேகுக்குச் செய்தி சொல்கிறது. கதவுக்குள் புதிதாக ஓட்டை போடுவதும் சகட்டுமேனிக்கு அடைப்பதும் அந்தக் கணக்கையே குழப்பலாம். முதல் கடையில் டிரில்லை எடுத்தபோது நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவர்கள் போட்ட ஓட்டையையெல்லாம் இவர்தான் சரியாக மூடினார்.

பேஸுக்கு எட்டு இன்ச் சப்வூஃபர். டிக்கியில் பெட்டி வைக்கக் கூடாது என்பது வீட்டு உத்தரவு, அதனால் பின் இடது பேனலுக்குள் இருந்த காலி இடத்துக்கு அளவெடுத்து ஃபைபரில் பெட்டி செய்தார். மொத்தம் 1,85,000 ரூபாய், பழைய 38,000 தனி. முதல் கடையில் வாங்கிய ஸ்பீக்கர்களையே வைத்துக்கொண்டார், "ஸ்பீக்கர் மேல தப்பில்லை சார்" என்று.

கடைசி இரண்டு மணி நேரம் டியூனிங். எனக்கு இதுதான் மாயம். டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார், வலது ட்வீட்டர் (மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) இடதைவிடக் கிட்டத்தட்ட அரை மீட்டர் பக்கத்தில் இருக்கிறது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும், ஆக வலது பக்கச் சத்தம் ஒன்றரை மில்லிசெகண்ட் முந்திக்கொண்டு வருகிறது. வலது ஸ்பீக்கரை அவ்வளவு நேரம் காக்க வைத்தார், அவ்வளவுதான். கதவுக்குள் இருந்த நாதஸ்வரம் எழுந்து டேஷ்போர்டு மேல் நடுவில் வந்து உட்கார்ந்தது. நான் கண்ணாடியைத் திறந்து மூடிப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.

குறையே இல்லையா என்றால், இருந்தது. அன்று இரவு வீட்டில் ரிவர்ஸ் எடுத்தபோது பார்க்கிங் சென்சாரின் பீப்பும் அதே ஆம்ப் வழியாக வந்து தெருநாய் எல்லாம் எழுந்துவிட்டது. அதைக் குறைக்க இன்னொரு நடை போக வேண்டியிருந்தது.

தை மாதம் சித்தப்பாவை மறுபடி ஏற்றினேன். இடது சீட்டில் உட்கார்ந்தார், போட்டேன், முகம் சுளித்தார். டியூனிங் முழுக்க என் தலைக்கு, அவர் பக்கம் எல்லாம் இடது கதவில் ஒட்டிக்கிடந்தது. நல்லவேளை, டிஎஸ்பியில் இரண்டாவது செட்டிங் ஒன்று இருந்தது, இடது சீட்டுக்கென்று வைத்தது. மாற்றினேன். தொப்பி விழுந்தது, சீட் லேசாக அதிர்ந்தது. சித்தப்பாவின் இடது கை தொடையில் தானாகத் தட்ட ஆரம்பித்து, ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

"நிறுத்துடா. பின்னால போ. அந்த மூணாவது ஆவர்த்தம்."

போட்டேன். மறுபடி கேட்டார்.

"குச்சி லேட்டா விழுது பாரு. அன்னிக்கு எனக்கு ஜுரம். பழைய ஸ்பீக்கர்ல இது ஒரு பயலுக்கும் கேட்டிருக்காது."