பேனிங்: ஒருவழியாக முகம் தெளிவாக விழுந்தது

பேனிங் என்றால், ஓடும் பொருளோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பியபடியே படமெடுப்பது. மூன்று வாரமாகப் பிடிகொடுக்காத அது இன்று காலை கைக்கு வந்துவிட்டது. சைக்கிளில் போகிறவரின் முகமும் சட்டைப் பொத்தானும் தெளிவு, பின்னால் மரங்கள் எல்லாம் பச்சைக் கோடுகள். 50 மி.மீ. லென்ஸ், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/30 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100. 1/250-ல் எடுத்தால் சுலபம்தான், ஆனால் நிறுத்திவைத்த சைக்கிள் மாதிரி இருக்கும். அதனால் 1/30-ஐ விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

கெட்டுப்போன படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இலை இடுக்கில் தெரியும் வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் கோடாக விழுந்திருந்தது. கேமரா சீராகத் திரும்பியிருந்தால் அது நேர்கோடாக இருக்க வேண்டும். என் படங்களில் எல்லாக் கோடும் ஒரு முனையில் தூண்டில் முள்போல் வளைந்திருந்தது. பட்டனை அழுத்தும் அந்த நொடியில் விரல் கேமராவையும் சேர்த்துக் கீழே தள்ளியிருக்கிறது! இத்தனை நாள் ஃபோகஸ் மோடை மாற்றி மாற்றிப் பார்த்ததெல்லாம் வீண்.

அப்புறம் தொடர் ஷாட்டில் வைத்து, அழுத்திய விரலை எடுக்காமல் ஐந்தாறு படம் எடுத்தேன். முதல் படம் போனால் போகட்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கொக்கியே இல்லை. இன்னொன்று, கடைசி கிளிக் விழுந்த பிறகும் இடுப்பு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தலாம் என்று நினைத்தாலே உடம்பு முன்கூட்டியே வேகம் குறைத்துவிடுகிறது. லென்ஸில் கை நடுக்கத்தை அடக்கும் ஸ்டெபிலைசேஷனுக்கு மோட் 2 இருந்தால் அதில் வையுங்கள். மோட் 1 பக்கவாட்டு அசைவையும் அடக்கப் பார்க்கும்.

வெயில் ஏறிவிட்டால் 1/30-ல் லென்ஸின் துளையை எஃப்/22 வரை சுருக்கினாலும் வெளிச்சம் அதிகமாகிவிடுகிறது. அவ்வளவு சின்னத் துளையில் படத்தின் கூர்மையும் போய்விடுகிறது. ஆகவே அடுத்து வாங்கப்போவது, லென்ஸ் முன்னால் மாட்டும் இருட்டுக் கண்ணாடியான என்.டி.8 ஃபில்டர். ஒளியை எட்டில் ஒரு பங்காக்கிவிடும், எஃப்/10 பக்கமே எடுக்கலாம். சுழற்றி அளவை மாற்றும் வகை எனக்கு வேண்டாம். முழு அளவுக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இருட்டு விழும்.

1/15 மட்டும் இன்னும் வசப்படவில்லை. மிதிக்க மிதிக்கத் தலை மேலும் கீழும் ஆடுவதால் மூக்கு இரண்டாகத் தெரிகிறது. நாளைக்கு ஓர் இறக்கமான சாலையோரம் நிற்கப்போகிறேன். அங்கே யாரும் மிதிக்க மாட்டார்கள்.