ஊட்டியில் ஒரு ஹாக்கர் 800
எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு ஆட்டோவில் 400 ரூபாய் கொடுத்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மீட்டர் போடுங்கள் என்றேன், சிரித்தார். மூன்று நாளைக்கு 5,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு வந்தவன் நான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பஸ் இன்னும் மோசம். கடைசி சீட். குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் முழங்கால் முன் சீட்டுக் கம்பியில் இடித்தது. பர்லியாரில் அடைத்த காது ஊட்டி வந்தும் திறக்கவில்லை.

தங்கிய வீட்டுக்காரரிடம் இதைப் புலம்பினேன். வெளிநாட்டில் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஹாக்கர் 800-ல 41,000 அடியில போற முதலாளிக்கும் உள்ளே கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான் தம்பி!" என்றார்.

ஹாக்கர் 800 என்றால் பணக்காரர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளும் சின்ன ஜெட் விமானம். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், இன்ஜினிலிருந்து அமுக்கிய காற்றை எடுத்து, ஆட்கள் உட்காரும் கேபினுக்குள் விடுவார்களாம். அப்படியும் உள்ளே சுமார் 7,500 அடி உயர மலையில் இருக்கும் காற்றழுத்தம்தான். ஊட்டி 7,350. கோடிகளைக் கொட்டி வாங்குவதை நான் பஸ் டிக்கெட்டில் வாங்கியிருக்கிறேன்!

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. வர்க்கியும் டீயும் வந்தன, கூடவே அலமாரியிலிருந்து ஒரு பொம்மை விமானமும். 1962-ல் டி ஹாவிலண்ட் 125 என்ற பெயரில் முதலில் பறந்தது இந்த வம்சம். அப்போதிருந்த வைப்பர் இன்ஜின் காதைப் பிளக்கும், எரிபொருளையும் குடிக்கும். 1976-ல் வந்த 700 மாடலில் காரெட் கம்பெனியின் டர்போஃபேன், அதாவது சத்தமும் எரிபொருள் செலவும் குறைந்த ஜெட் இன்ஜின், போட்ட பிறகுதான் நிம்மதி. 1983-ல் 800, வளைந்த முன்கண்ணாடியோடு. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். நிற்கும் உயரம் மட்டும் 5 அடி 9 அங்குலம். நான் 5 அடி 10. அங்கேயும் குனியத்தான் வேண்டும், விடுங்கள்.

1988-ல் போட்ஸ்வானா அதிபர் மசீரே போன 800-ஐ அங்கோலா வானில் ஒரு மிக் போர் விமானம் ஏவுகணையால் அடித்தது. "ஒரு இன்ஜின் அப்படியே கழண்டு விழுந்துடுச்சு" என்று பொம்மையின் இன்ஜினை விரலால் பிடுங்கிக் காட்டினார். பசை விட்டுப்போய் அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒற்றை இன்ஜினில் விமானம் தரையிறங்கியது. காயத்தோடு அதிபர் பிழைத்தார். அப்பேர்ப்பட்ட விமானத்தைச் செய்த கம்பெனி கைமாறிக் கைமாறி, ஹாக்கர் பீச்கிராஃப்ட் என்ற பெயரில் 2012-ல் திவாலானது. இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

வாடகை நாளுக்கு 1,200. வர்க்கிக்குக் காசு வாங்கவில்லை. கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்துவிட்டேன், இறக்கம்தானே.