பத்தாயிரத்துக்குப் பதினெட்டு நாள்

ஜூன் 9, 2025, திங்கள்

மண்டபம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஏடிஎம்மில் இன்று பத்தாயிரம் ரூபாய் போனது. போனது என்று எழுதுவது சரியா தெரியவில்லை. பணம் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது, என் கைக்கு வரவில்லை.

என் பணமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். மதனியின் பணம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அண்ணனுக்குக் கடல் இல்லை. ஏப்ரல் கடைசியில் தோட்டை அடகு வைத்தார்கள். அதை மீட்கச் சீட்டுப் பணம் கணக்கில் விழுந்திருந்தது. "ஐஸ் கம்பெனிக்குப் போறப்ப எடுத்துட்டு வாங்க தம்பி" என்று கார்டையும் கொடுத்து ரகசிய எண்ணையும் சொல்லிவிட்டார்.

எண்ணைத் தட்டினேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கடகடவென்று நன்றாகவே கேட்டது. அப்புறம் ஒரு 'டக்'. பணம் வரும் தகடு அரை விரல்கடை அசைந்து நின்றுவிட்டது. உப்புக்காற்று பட்டு அதன் ஓரமெல்லாம் துரு. திரையில் மன்னிப்பு கேட்டது. ரசீதும் வரவில்லை, தாள் தீர்ந்துவிட்டதாம். பத்து நிமிடம் நகராமல் நின்றேன். நாம் வெளியே வந்த பிறகு தகடு திறந்து, அடுத்து நிற்பவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால்? பெட்டியில் ஒட்டியிருந்த மெஷின் எண்ணையும் திரையையும் போனில் படம் பிடித்துக்கொண்டேன். மணி 11.42.

பாம்பனுக்கு வந்தால் மதனி வாசலில் கடல்பாசி உலர்த்திக்கொண்டிருக்கிறார். நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய போன் இடுப்பில். "பத்தாயிரம்னு மெசேஜ் வந்துச்சே தம்பி" என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினார். நடந்ததைச் சொன்னேன். நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ராத்திரி முழுக்கப் படித்தேன். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று போட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. கணக்கில் பணம் கழிந்து ஏடிஎம்மில் வராவிட்டால், அந்த நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் வங்கியே திருப்பிப் போட வேண்டும். லீவு நாளும் அந்த ஐந்தில் சேரும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, அதுவும் நாம் கேட்காமலே. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் அமலில் இருக்கிறது.

காலையில் மதனி கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மெஷின் எங்களுது இல்ல சார், அந்த பேங்க்ல போய்க் கேளுங்க." பாதிப் பேர் இங்கேதான் திரும்பிப் போகிறார்கள். பெட்டி யாருடையதாக இருந்தாலும், கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் கொடுக்க வேண்டும். பெட்டிக்கார வங்கியோடு பேசி முடிப்பது அவர்கள் பாடு. பிரிண்ட் எடுத்த காகிதத்தை நீட்டினேன்.

படித்தவர் அடுத்த கேள்வியில் மடக்கினார். "கார்டு உங்க பேர்ல இல்லையே, நீங்க எப்படி எடுத்தீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரகசிய எண்ணை வீட்டு ஆளிடம்கூடச் சொல்லக் கூடாது என்பதும் விதிதான். திரும்பி வந்து மதனியைக் கூட்டிப்போய் அவர் கையெழுத்தில் கொடுத்தோம். புகார் எண் வாங்கியாயிற்று.

ஜூன் 12, வியாழன்

மதனி போனுக்கு ஆங்கிலத்தில் மெசேஜ். 'பரிவர்த்தனை வெற்றி, புகார் முடிக்கப்பட்டது' என்கிறது. யாருக்கு வெற்றி?

கூடப் படித்தவன் ஒருவன் முன்பு ஏடிஎம்முக்குப் பணம் நிரப்பும் வேலை பார்த்தவன். அவனைப் பிடித்தேன். "உள்ளே நோட்டு வைக்கிற பெட்டி தனி மாப்ள, சிக்குன நோட்டு விழுற பெட்டி தனி. தகடு திறக்கலன்னா உன் இருபது தாளும் அந்த ரெண்டாவதுலதான் கெடக்கும். மெஷின் சில நேரம் கொடுத்துட்டதா எழுதிரும். ஆனா பெட்டியத் தொறந்து எண்றப்ப பத்தாயிரம் கூடுதலா நிக்கும். அதை மறைக்க முடியாது."

ஆக, வங்கி பார்த்தது மெஷின் அனுப்பிய ஒரு வரியை மட்டும்.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி மனு. இந்தத் தடவை மூன்று கேட்டோம்: அந்த நேரத்து மெஷின் பதிவு, கேமராப் படம், அன்றைய பண இருப்புக் கணக்கு. நகலில் சீல் வாங்கினேன். கொடுக்க யோசித்தார்கள். வாங்காமல் நகரவில்லை.

ஜூன் 14, சனி

அஞ்சாவது நாள். இரண்டாவது சனிக்கிழமை, வங்கி லீவு. பணம் வரவில்லை.

61 நாள் தடையும் இன்று ராத்திரியோடு முடிகிறது. படகு ஜெட்டியில் கால் வைக்க இடமில்லை. எங்கள் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற மெஷின் விடியற்காலையிலிருந்து நிற்கவில்லை, நான் ரசீது எழுதி எழுதி விரல் மரத்துவிட்டது. அண்ணன் போட்டுக்கு ஐஸ் ஏற்ற வந்தார். ஆள் ஒதுங்கியதும் தோளில் கை போட்டார். "டேய், ஏதும் அவசரத்துக்கு எடுத்திருந்தா சொல்லிரு. நான் அவகிட்ட பேசிக்கிறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, சரி" என்றார். அந்த இரண்டாவது 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

அண்ணன் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய்விட்டார். வங்கியில் 'அந்த பேங்குக்கு அனுப்பியிருக்கோம்' என்றார்கள்.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் மதனி போன் செய்தார். "தம்பி, மறுபடியும் பத்தாயிரம்னு வந்திருக்கு. இன்னொரு தடவை எடுத்துட்டானுகளா?" படித்துச் சொல்லச் சொன்னால் அவருக்கு எண் மட்டும்தான் தெரிகிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வரவு!

பத்தாயிரம் மட்டும்தான் வந்திருக்கிறது. 15 முதல் 19 வரை ஐந்து நாளுக்கு 500 ரூபாய் சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

"அதான் பணம் வந்துருச்சே சார்" என்றார் அதே கவுண்டர்காரர். வந்தது மதனியின் பணம், 500 உங்கள் தாமதத்துக்கு என்று சொன்னேன். அடகுக்கடைக்காரர் இந்தப் பத்து நாளுக்கு வட்டியை விட்டுக்கொடுத்தாரா என்ன? மனுவின் கடைசி வரியில், உங்கள் பதில் சரியில்லை என்றாலோ 30 நாளில் பதிலே வரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று எழுதினேன். அதற்குக் கட்டணம் கிடையாது. 14448க்கு அடித்தால் வழி சொல்கிறார்கள். இந்த ஒரு வரியைப் படித்ததும் உட்காரச் சொன்னார்.

ஜூன் 27, வெள்ளி

500 ரூபாய் வரவு.

ஜூன் 29, ஞாயிறு

கார்டை இனி யாரிடமும் கொடுப்பதில்லை என்று மதனி முடிவு செய்துவிட்டார். ரகசிய எண்ணை வீட்டு ஆளிடம்கூடச் சொல்லக் கூடாது என்ற விதியை நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன், அதனால் குறை சொல்ல முடியாது. தானே எடுத்துப் பழக வேண்டும் என்றார். இன்று பாம்பனிலேயே வேறொரு ஏடிஎம்முக்குக் கூட்டிப்போனேன். வழியில், வேறு வங்கிப் பெட்டி என்றால் நம்ம பக்கம் மாதத்துக்கு ஐந்து தடவை இலவசம், மண்டபத்தில் கோளாறானது அந்தக் கணக்கில் சேராது என்று சொல்லிக்கொண்டே போனேன். தலையாட்டினார். காதில் விழுந்ததா தெரியவில்லை.

கார்டைச் செருகும் பக்கத்தைக் காட்டினேன். முதல் தடவை திருப்பிப் போட்டார், இரண்டாவதில் சரியாகப் போனது. எண் கேட்டதும் இடது கையை விரித்துப் பொத்தான்களுக்கு மேல் கூரைபோலப் பிடித்துக்கொண்டார். பாசி கிழித்த தழும்புகள் விரல் முழுக்க.

"கொஞ்சம் எட்டி நில்லுங்க தம்பி."

நின்றேன்.