கனடா சுரங்கமும் திருவொற்றியூர் துருவும்

பொட்டாஷ் என்றால் வயலுக்குப் போடும் சிவப்பு உப்பு. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. மணலியில் தயாராகும் விஜய் 17-17-17 மூட்டையில் கடைசிப் பதினேழு அதுதான். நம் நாட்டில் பொட்டாஷ் சுரங்கமே இல்லை, ராஜஸ்தானில் நாகௌர், கங்காநகர் பக்கம் பூமிக்கடியில் படிவு கிடந்தாலும் தேவைக்குக் கப்பலைத்தான் எதிர்பார்க்கிறோம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அப்படிப்பட்ட சுரங்கம் ஒன்றுக்கு இரும்புக் கட்டுமான வரைபடம் போடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகம் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது; சுரங்கம் கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்தில். யாருடையது என்று சொல்ல ஒப்பந்தம் விடாது.

அந்தப் பகுதியில் பொட்டாஷ் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. வரைபடங்களைச் சரிபார்க்கும் எங்கள் செக்கர் அண்ணனுக்கு இது பெரிய ஆழமாகவே படவில்லை. அவருடைய தாத்தா கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆனால் அங்கே பாறை பாறையாக நிற்கும். இங்கே தோண்டுவது உப்பு, நடுவில் நீர் நிறைந்த மணல் அடுக்குகள் வேறு. அதனால் ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியை இறக்க வேண்டிய இடத்தைச் சுற்றி வட்டமாகத் துளைகள் போட்டு, பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த உப்புக் கரைசலை அவற்றில் சுற்றவிட்டு, மண்ணையும் நீரையும் சேர்த்தே உறைய வைக்கிறார்கள். உறைந்த சுவருக்கு நடுவே தோண்டிக்கொண்டே போய், நீர் வரும் ஆழங்களில் நீர் புகாத உறை போட்டு அடைக்கிறார்கள். அந்த அடைப்பு எங்கேயாவது தோற்றால் சுரங்கத்தின் கதை முடிந்தது. அதே மாகாணத்தில் எஸ்டர்ஹாசியில் 1985-ல் உள்ளே வர ஆரம்பித்த நீரோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். 2021-ல் இரண்டு பழைய ஷாஃப்ட்களையும் மூடிவிட்டார்கள்.

எங்களுக்கு வந்த வேலையில் ஷாஃப்டின் குறுக்கே வரும் இரும்பு விட்டங்களும் அடியில் தாதுவைச் சுமக்கும் கன்வேயர் பெல்ட்டைத் தாங்கும் சட்டங்களும் இருந்தன. குறுக்கு விட்டத்தைப் பண்டன் என்பார்கள். அதில் பொருத்திய கைடைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் போகும் கேஜும், தாது ஏறும் ஸ்கிப்பும் ஓடும். மேலே கட்டிடம் கட்டிப் பழகியவர்களுக்கு முதலில் பிடிபடாத விஷயம், கீழே போகும் ஒவ்வொரு பொருளும் அந்த ஒரு வட்டத் துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது. பெரிய இயந்திரத்தைக்கூடப் பிரித்து, கேஜுக்கு அடியில் தொங்கவிட்டு இறக்கி, கீழே பூட்டுகிறார்கள். எனவே நாங்கள் வரைந்த ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு கேள்வி: நிற்குமா, இறங்குமா? இரண்டாவது கேள்விக்காக நல்ல வெல்டிங் இணைப்புகளையெல்லாம் உடைத்து போல்ட் இணைப்பாக்கினோம். போல்ட் எண்ணிக்கை ஏறியதும் மதிப்பீட்டுக்காரர் முகம் சுளித்தார். சரி, அவர் வேலை அது.

அப்புறம் துரு. செக்கர் அண்ணன் காசிமேட்டுக்காரர். வரைபடம் பார்க்க வருவதற்கு முன் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பல வருடம் ஃபிட்டராக இருந்தவர். வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரி வரைபடத்தில் கன்வேயர் சட்டத்தின் குறுக்கே வரும் L வடிவ இரும்பு ஆங்கிள்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி இது, ஆங்கிள மல்லாத்திப் போட்டுக்கிறான்? மூலைல உப்பு தங்கும். கவுத்துப் போடச் சொல்லு."

"கீழ மழையா வருது அண்ணே?"

"மழ வாணாம்பா, காத்து போதும்."

அவர் சொன்னதன் காரணத்தைத் தேடிப் படித்தபோது, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும் என்று தெரிந்தது. நம் அடுக்களை உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். கனடாவின் குளிர்காலக் காற்று வறண்டது, கவலையில்லை. கோடையில் மேலிருந்து ஊதும் காற்று ஈரத்தோடு இறங்கும். ஆங்கிளின் மூலையில் படிந்த உப்புத் தூள் அதைக் குடித்துவிட்டு இரும்பை அரிக்கும். கடலோரத்தில் ஜன்னல் கம்பியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுரண்டி பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நிற்கும் கால் கீழ்நோக்கி இருக்கட்டும், மூடிய பெட்டி விட்டத்தை முழுக்க அடையுங்கள் அல்லது நீர் வடியத் துளை விடுங்கள் என்று எழுதி அனுப்பினோம். பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள். திருப்பினால் பெல்ட்டில் இடிக்கும் இடங்களை மட்டும் விட்டுவிட்டார்கள்.

திட்டத்தின் அறிமுகக் கோப்பில் பசுமை பற்றி நிறைய இருந்தது. பேட்டரியில் ஓடும் வண்டிகள், டீசல் புகை இல்லாத சுரங்கம், நீரை மறுபடி பயன்படுத்துதல். பேட்டரி வண்டியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். புகை குறைந்தால் கீழே வேலை செய்பவரின் நுரையீரலுக்கு நேரடி லாபம். ஆனால் எண்ணூர்ப் பக்கம் வளர்ந்தவன் முதலில் தேடுவது வேறு. கழிவு எங்கே போகிறது? கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்ததைப் பார்த்தவனுக்கு அந்தப் பக்கத்தைத்தான் கண் தேடும்.

அங்கே கிடைக்கும் தாதுவில் பாதிக்கு மேல் சாதா உப்பு. ஒரு டன் பொட்டாஷ் எடுத்தால் அதைவிட அதிகமாக உப்பு மிச்சமாகும். அதை மேலேயே மலையாகக் குவிக்கிறார்கள். ஜெர்மனியில் ஹெரிங்கன் ஊரில் இப்படிக் குவிந்த மலைக்கு மோன்டே காலி என்று பெயரே வைத்து, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் காட்டுகிறார்கள். பக்கத்தில் ஓடும் வெர்ரா ஆறு உப்பேறியதற்கும் அந்தப் பகுதியின் பொட்டாஷ் தொழில்தான் காரணம்.

இதற்கு நேர் எதிர் இங்கிலாந்தின் விட்பி அருகே கட்டும் வுட்ஸ்மித் சுரங்கம். தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் ஷாஃப்டின் தலைக்கட்டுமானத்தையே தரைக்குக் கீழே புதைக்கிறார்கள். ஆழம் ஏறக்குறைய 1,600 மீட்டர். தாதுவை லாரியில் ஏற்றாமல் 37 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியே டீஸ்சைடு தொழிற்பகுதிக்குக் கொண்டுபோகும் திட்டம். அங்கே கிடைக்கும் பாலிஹாலைட்டில் பொட்டாசியம், கந்தகம், மக்னீசியம், கால்சியம் நான்கும் சேர்ந்தே இருக்கின்றன. உடைத்து, பொடித்து, உருட்டினால் உரம். பிரித்தெடுக்கும் வேலை இல்லை, உப்பு மலையும் இல்லை. படிக்கும்போது பொறாமையாகத்தான் இருந்தது.

கணக்குப் போட்டால் கொஞ்சம் இறங்கும். பாலிஹாலைட்டில் பொட்டாஷ் சத்து ஏறக்குறைய 14 சதவீதம். நம் கடையில் விற்கும் சிவப்பு பொட்டாஷில் 60. பொன்னேரி விவசாயிக்கு அதே பொட்டாஷ் சத்து வேண்டுமென்றால் ஒரு மூட்டை இருந்த இடத்தில் நாலு மூட்டைக்கு மேல் கப்பலேறி, லாரியேறி வர வேண்டும். கந்தகமும் மக்னீசியமும் குறைந்த மண்ணில் அந்தக் கூடுதல் சுமைக்கு அர்த்தம் உண்டு. பொட்டாஷ் மட்டும் வேண்டியவருக்கு இல்லை. பணமும் லேசுப்பட்டதல்ல. வுட்ஸ்மித்தை ஆரம்பித்த நிறுவனம் நிதி திரட்ட முடியாமல் 2020-ல் ஆங்லோ அமெரிக்கன் என்ற பெரிய சுரங்க நிறுவனத்தின் கைக்குப் போனது; அவர்களும் 2024-ல் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆக, பழைய பொட்டாஷ் சுரங்கங்கள் இன்னும் வெகுகாலம் இருக்கத்தான் போகின்றன. மிஞ்சும் உப்பைத் தோண்டிய அறைகளுக்கே திருப்பி அனுப்புவதுதான் எனக்குத் தெரிந்து உருப்படியான வழி. முழுவதையும் அனுப்ப முடியாது: உடைத்த உப்பு முன்பைவிட அதிக இடம் பிடிக்கும், அந்த ஆழத்தில் காலி அறைகளும் பாறை அழுத்தத்தில் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். ஆனால் ஒரு பங்காவது போகும். எங்கள் மாடலிலும் அதற்கான குழாய்த் தாங்கிகள் இருந்தன. மற்ற வரைபடங்களெல்லாம் ஒப்புதல் வாங்கி ஃபேப்ரிகேஷனுக்குப் போய்விட்டன. அந்தத் தாங்கிகளைச் சுற்றி மட்டும் வாடிக்கையாளர் மேகம் போல வளைந்த கோடு போட்டு 'ஹோல்ட்', அதாவது நிறுத்திவை, என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஏன் என்று கேட்டதற்கு, இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம், நிதி ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கோப்பை நாங்கள் இன்னும் அழிக்கவில்லை.