பசளையும் பசலையும்

கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்த மூன்றாம் வாரம், வீட்டுக்குப் பின்னால் இருந்த நாலடி மண்ணில் பாகல் நாற்று நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பசளை போட்டனீங்களோ பிள்ளை?" என்றார்.

"இல்லம்மா, பாகல் மட்டும்தான்" என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். எங்கள் மதுரையில் பசலை என்றால் கீரை. இங்கே பசளை என்றால் உரம். கீரைக்குப் பெயர் பசளி.

சரி, உரம்தானே, மாட்டுத் தொழுவத்தோடு வளர்ந்தவளுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்று ஒரு மூட்டை மாட்டெரு வாங்கினேன். மக்கினது என்றுதான் கடையில் சொன்னார்கள். பிரித்ததும் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே கை விட்டால் வெதுவெதுப்பு. அப்போதே விட்டிருக்க வேண்டும். பாதிக் குழிக்கு அதையே கொட்டி நட்டேன். நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது.

"வேரை அவிச்சுப் போட்டியளே!" என்றார் அந்த அம்மா. சரியான சொல். மக்காத எரு மண்ணுக்குள் சூடாகும். அதில் கிளம்பும் அமோனியா இளவேரைத் தீய்த்துவிடும்.

மிச்ச எருவைப் பழைய சாக்கால் மூடி, ஈரம் காயாமல் வாரமொருமுறை கிளறி, மூன்று மாதம் வைத்திருந்தேன். கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் வாசம் வந்த பிறகே தொட்டேன். ஒன்றரை அடிக் குழி, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு, மேலே ஒரு சாண் வெறும் மண், அதில் நாற்று. கடலோரத்து மணலில் தண்ணீர் நிற்காது. எருதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

பயற்றங்காய்க்கு மட்டும் கை தாராளமாகிவிட்டது. பந்தல் முழுக்க இலை, பூவையே காணோம். அதன் வேர்முடிச்சுகளே காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது இலையை வளர்க்கும் நைட்ரஜனை, எடுத்துக்கொள்ளும், நான் வேறு ஊட்டிவிட்டேன்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை இலங்கை அரசு நிறுத்தியதைப் பற்றி அந்த அம்மா இன்னும் சொல்வார்: "அந்த நேரம் எல்லாரும் மாட்டுக்குப் பின்னாலதான்."

பாகல் கொடி மதிலேறி, முதல் காயை அவர் பக்கம்தான் விட்டது. தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்து, எனக்கும் ஒரு கிண்ணம் தந்தார். கசப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.